பாயில் சாய்ந்ததும் வருகிற பயம்

குடும்ப சுகாதாரப் பாடம்



"பகல் முழுக்க மலையில நின்னு கால் கடுக்குது. உடம்பு அடிச்சிப் போட்ட மாதிரி இருக்கு. ஆனா பாயில சாஞ்சதும் தூக்கம் எங்கேயோ ஓடிப்போயிருது. நெஞ்சு படபடன்னு அடிக்குது. மகன் கொழும்புல என்ன செய்றானோ, வியாழக்கிழமை லோன் காசு எப்படிக் கட்டுறது, மழை இப்புடிப் பேஞ்சா பின்னால இருக்கிற மண்மேடு என்னாகுமோன்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு வருது. விடியக் கொஞ்சம் கண்ணசந்தா, அதுக்குள்ள எழும்புற நேரம் வந்திருது."

இப்படிச் சொல்லும் குரலை எந்த லயத்திலும் கேட்கலாம். பெண்களாவது பீலிக்கரையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். ஆண்கள் பலர் வாய் திறப்பதில்லை. "என்னத்தச் சொல்றது" என்று போத்தலைத் தேடிப் போகிறவர்களும் உண்டு.

தூக்கம் வராதவர்களுக்கு வைத்தியர்கள் சொல்லிக்கொடுக்கும் சில பழக்கங்கள் இருக்கின்றன. காசு செலவில்லை, மாத்திரை இல்லை. அதே பழக்கங்கள் இரவுப் பயத்துக்கும் உதவும். ஒரு சிக்கல் மட்டும் உண்டு. தனி அறை, கட்டில், மேசை விளக்கு எல்லாம் உள்ள வீடுகளை மனதில் வைத்து உண்டாக்கிய முறைகள் அவை. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில் ஐந்தாறு பேர் படுக்கும் வீட்டுக்கு அவற்றை எப்படி மாற்றிக்கொள்வது என்பதுதான் இந்தப் பாடம்.

இரவில் பயம் ஏன் பெரிசாகிறது?

பகலில் கை வேலை செய்கிறது, கண் கொழுந்தைத் தேடுகிறது, பக்கத்து நிரையில் நிற்கும் அக்கா ஏதாவது பேசிக்கொண்டிருக்கிறார். கவலைக்கு இடம் கிடைப்பதில்லை. விளக்கை அணைத்ததும்தான் அதற்கு முழு இடமும் கிடைக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. இரவு 2 மணிக்குக் கவலைப்படலாம், ஆனால் எதையும் செய்ய முடியாது. வங்கி மூடியிருக்கும், டிஸ்பென்சரி மூடியிருக்கும், மகன் வேலை செய்யும் கடையும் மூடியிருக்கும். செய்ய வழியில்லாத கவலை ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வரும்.

உடம்பும் இதில் சேர்ந்துகொள்கிறது. மனம் "ஆபத்து" என்று நினைத்ததும், ஆபத்து உண்மையா பொய்யா என்று உடம்பு விசாரிப்பதில்லை. சிறுத்தையைக் கண்டால் ஓடுவதற்கு எப்படித் தயாராகுமோ அப்படித் தயாராகிறது. இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு மேலே மேலே வாங்கும், உள்ளங்கை வேர்க்கும், தோள் இறுகும். அந்த நிலையில் தூக்கம் வராது. வரக்கூடாது என்றுதான் உடம்பு அமைந்திருக்கிறது.

நடுச்சாமத்தில் முழிப்பு வருவதே ஒரு நோய் என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படியல்ல. தூக்கம் இரவு முழுக்க ஒரே ஆழத்தில் இருப்பதில்லை. ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு சுற்றாக ஆழமாகப் போய் மேலே வரும். மேலே வரும்போது கொஞ்சம் முழிப்பது எல்லோருக்கும் உண்டு. புரண்டு படுத்துத் தூங்கிவிட்டால் காலையில் அது நினைவிலும் இருக்காது. அந்த முழிப்பில் "ஐயோ, முழிச்சிட்டேனே, இனித் தூக்கம் வராதே" என்று பயம் பிடித்துக்கொள்வதுதான் தொந்தரவு.

பாய் பழகிக்கொண்ட பாடம்

சிலர் சொல்வதைக் கவனியுங்கள்: "இஸ்தோப்புல உக்காந்து ரேடியோ கேட்டா கண்ணு சொக்குது. உள்ள போயிப் பாயில படுத்தா தூக்கம் போயிருது."

இது பழக்கத்தின் வேலை. எப்போதும் ஒரே நேரத்தில் புல் போடும் வீட்டு மாடு, அந்த நேரம் வந்ததும் தானாகக் கத்துகிறது அல்லவா? நம் உடம்பும் அப்படித்தான். இரண்டு மூன்று மாதம் பாயில் படுத்துக்கொண்டே கடனையும் பிள்ளையையும் நினைத்து அழுதிருந்தால், பாயைக் கண்டதும் உடம்பு கவலைக்குத் தயாராகிறது.

அமெரிக்காவில் ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியல் அறிஞர் 1972-ல் இதற்கு ஒரு வழி சொன்னார். தூக்கம் வந்தால் மட்டும் படு, வராவிட்டால் எழுந்துவிடு, படுக்கையில் வேறு எதையும் செய்யாதே என்பது அதன் சாரம். பாய் என்றால் தூக்கம் என்று உடம்பு மறுபடியும் பழக வேண்டும் என்பதே நோக்கம். 1983-ல் தோமஸ் போர்கோவெக் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் அதே முறையைக் கவலைக்குத் திருப்பினார்கள். படுக்கைக்கு ஒரே வேலை இருப்பதுபோல, கவலைப்படுவதற்கும் ஒரே இடம், ஒரே நேரம் வைத்துப் பார்த்தார்கள். இப்படிப்பட்ட பழக்க முறைகளைச் சேர்த்துத் தரும் சிகிச்சையைத்தான், நாட்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னதாகக் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க வைத்தியர் சங்கம் ஒன்று 2016-ல் பரிந்துரை செய்தது.

இனி ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

முதற்படி: கவலைக்குப் பகலிலேயே நேரம் கொடுங்கள்

"கவலைப்படாதே" என்று யாராவது சொன்னால் கவலை நிற்குமா? நிற்காது. ஆகவே அதை விரட்ட வேண்டாம். அதற்கு ஒரு நேரம் குறித்துக் கொடுங்கள்.

வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, சமையலைத் தொடங்கும் முன்னால் ஒரு கால் மணித்தியாலம் போதும். படுக்கும் நேரத்துக்கு நெருக்கமாக வைக்காதீர்கள். தினமும் ஒரே இடம் நல்லது. வாசல்படி, மரக்கறித் தோட்டத்துக் கல், பீலிக்கரை என எதுவாகவும் இருக்கலாம். பாய் மட்டும் வேண்டாம்.

எழுதத் தெரிந்தவர்கள் பிள்ளையின் பழைய கொப்பி ஒன்றை எடுத்து, மனதை அரிக்கும் ஒவ்வொன்றையும் ஒரு வரியாக எழுதுங்கள். எழுதிப் பழக்கமில்லாதவர்கள் பத்துப் பதினைந்து தேயிலைக் கொட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கவலைக்கு ஒரு கொட்டை. பிறகு மூன்று கூறாகப் பிரியுங்கள்.

முதல் கூறு, நாளைக்கே ஏதாவது செய்யக்கூடியவை. அம்மாவுக்கு மூன்று வாரமாக இருமல் என்றால், நாளைக்கு டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போகலாம்.

இரண்டாம் கூறு, செய்யலாம், ஆனால் அதற்கு ஒரு நாள் இருக்கிறது என்பவை. லோன் காசு வியாழக்கிழமைதான். கையில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு குறைகிறது, யாரிடம் பேச வேண்டும் என்று இப்போதே முடிவு செய்துகொள்ளலாம். பேசும் நாளையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் கூறு, நம் கையில் இல்லாதவை. வெளிநாட்டில் மகளின் எஜமானி எப்படிப்பட்டவளோ என்பது போன்றவை. இவற்றை ஒருதரம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கேட்க ஒரு ஆள் இருந்தால் இன்னும் நல்லது. கேட்கிறவர் பதில் சொல்லத் தேவையில்லை. "ஆமா, கஷ்டந்தான்" என்றால் போதும்.

நேரம் முடிந்ததும் கொப்பியை மூடுங்கள், கொட்டைகளை டின்னில் போட்டு மூடுங்கள். இரவில் அதே கவலை வந்தால், "உனக்கு நாளைக்குச் சாயந்தரம் நேரம் இருக்கு, அப்ப வா" என்று மனதுக்குள் சொல்லுங்கள். முதல் சில நாட்களில் கேட்காது. சண்டை போடாமல் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றி, மறுநாள் அந்த நேரத்தில் உட்காரவும் வேண்டும். இல்லாவிட்டால் மனம் உங்களை நம்பாது.

நாளைக்குச் செய்ய வேண்டியவற்றை மட்டும் படுக்கும் முன் ஐந்து நிமிடம் எழுதி வைப்பதும் பலன் தரும். 2018-ல் அமெரிக்காவில் 57 பேரைத் தூக்க ஆய்வுகூடத்தில் வைத்துப் பார்த்தபோது, நாளைய வேலையை எழுதியவர்கள், முடித்த வேலையை எழுதியவர்களைவிட ஏறத்தாழ 9 நிமிடம் முந்தித் தூங்கினார்கள். எழுதி வைத்ததை மனம் தூக்கிச் சுமக்கத் தேவையில்லை.

இரண்டாம் படி: பாய் தூங்குவதற்கு மட்டும்

பாயில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது, போன் பார்ப்பது, புருஷன் பெண்சாதி சண்டையைப் பாயில் தொடங்குவது எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஒரே காம்பராவில்தான் எல்லாம் நடக்கிறது, என்ன செய்வது என்று கேட்பீர்கள். பாயைச் சுருட்டி வையுங்கள். படுக்கும் நேரத்தில் மட்டும் விரியுங்கள். கட்டில் உள்ள வீட்டில் பகலில் அதன் மேல் படுத்துக்கிடக்காமல், பலகையிலோ கதிரையிலோ உட்காருங்கள்.

படுத்துக் கொஞ்ச நேரமாகியும் தூக்கம் வராமல் மனம் ஓடுகிறதா? இருபது நிமிடம் என்று வைத்தியர்கள் சொல்வார்கள். மணிக்கூட்டைப் பார்க்காமல் உத்தேசமாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போது பாயை விட்டு எழும்புங்கள்.

"எழும்பி எங்க போறது? பக்கத்துல புள்ளைங்க படுத்திருக்கு, வெளிய குளிரு."

நியாயமான கேள்வி. வேறு அறைக்குப் போ என்று அந்த முறையில் இருக்கிறது. நமக்கு வேறு அறை இல்லை. ஆகவே இப்படி மாற்றிக்கொள்வோம்.

அடுப்படியில் ஒரு சாக்கோ பலகையோ போட்டு வையுங்கள். அதுதான் உங்கள் "வேறு அறை". கம்பளியைப் போர்த்திக்கொண்டு அங்கே உட்காருங்கள். அடுப்படியிலும் ஆட்கள் படுக்கிறார்கள் என்றால், உங்கள் இடத்திலேயே எழுந்து, பாயின் ஓரத்தைச் சுருட்டி, சுவரில் சாய்ந்து உட்காருங்கள். படுத்தால் தூக்கம், உட்கார்ந்தால் முழிப்பு என்று உடம்புக்கு வித்தியாசம் தெரிந்தால் போதும்.

விளக்குப் போட்டால் மற்றவர்கள் எழும்புவார்கள். டோர்ச் லைட்டைத் துணியில் சுற்றிச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். மங்கின வெளிச்சம் உங்கள் தூக்கத்துக்கும் நல்லது.

உட்கார்ந்து என்ன செய்வது? சலிப்புத் தரும் சின்ன வேலை ஒன்று. பிள்ளைகளின் உடுப்பை மடிக்கலாம், கிழிந்த சாக்கைத் தைக்கலாம், ரேடியோவை மிக மெதுவாக வைக்கலாம். கண் சொக்கியதும் படுங்கள். மறுபடியும் வராவிட்டால் மறுபடியும் எழும்புங்கள். ஒரே இரவில் மூன்று நான்கு தரம் எழும்ப வேண்டியிருக்கலாம். அலுத்துப்போகாதீர்கள்.

பச்சைப்பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய்மாருக்கு இந்தக் கட்டுப்பாடு வேண்டாம். பிள்ளை தூங்கும்போது நீங்களும் தூங்குங்கள்.

மூன்றாம் படி: எழும்பும் நேரத்தை மாற்றாதீர்கள்

இதில் தோட்டத்து வாழ்க்கை நமக்கு உதவி செய்கிறது. பிரட்டுக்குப் போக வேண்டும் என்பதால் வேலை நாட்களில் எழும்பும் நேரம் ஒன்றாகவே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையும் போயா தினத்திலும்தான் பிழைக்கிறது. 5 மணிக்கு எழும்புகிறவர் லீவு நாளில் 9 மணி வரை படுத்தால், அன்றைக்கு இரவு தூக்கம் வராது. லீவு நாளிலும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிந்தாதீர்கள். பகல் தூக்கம் வேண்டுமென்றால் 3 மணிக்கு முன்னால் அரை மணித்தியாலம் போதும்.

தூக்கம் போதவில்லை என்று இரவு 8 மணிக்கே படுப்பதும் தவறு. 8 மணிக்குப் படுத்து 11 மணி வரை புரண்டால், அந்த மூன்று மணித்தியாலமும் பயத்துக்குக் கொடுத்த நேரம். அதைவிட 10 மணிக்குத் தூக்கக் கலக்கத்தோடு படுத்து 5 மணிக்கு எழும்புவது நல்லது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. தூக்க நேரத்தைக் கடுமையாகக் குறைக்கும் சிகிச்சையும் உண்டு. அதை வைத்தியர் இல்லாமல் செய்யாதீர்கள். கவ்வாத்துக் கத்தி பிடிக்கிறவர்கள், ஸ்டோரில் மெஷினோடு நிற்கிறவர்கள், மருந்து அடிக்கிறவர்கள், சறுக்குமலையில் ஏறுகிறவர்கள் அரைத் தூக்கத்தில் வேலைக்குப் போவது ஆபத்து. படுக்கும் நேரத்தை 6 மணித்தியாலத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டாம். வலிப்பு நோய் உள்ளவர்களும் கர்ப்பிணித் தாய்மாரும் தூக்கத்தைக் குறைக்கவே கூடாது.

நான்காம் படி: உடம்பைத் தளரவிடுங்கள்

மனதை நேராக அடக்க முடியாது. உடம்பு வழியாகப் போகலாம்.

மூச்சு: மூக்கால் மெதுவாக 4 எண்ணும் வரை மூச்சை இழுங்கள். 6 எண்ணும் வரை வெளியே விடுங்கள். வயிற்றில் கை வைத்தால் கை ஏறி இறங்க வேண்டும். வெளியே விடுவது நீளமாக இருப்பதுதான் முக்கியம். ஐந்து நிமிடம் செய்யுங்கள். தலை சுற்றினால் நிறுத்திச் சாதாரணமாக மூச்சு விடுங்கள்.

தசை: எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க வைத்தியர் சுமார் நூறு வருடங்களுக்கு முன் கண்ட முறை இது. தசையை இறுக்கி, பிறகு விட்டுவிட்டால், இறுக்கம் எது தளர்ச்சி எது என்று உடம்பு கற்றுக்கொள்கிறது. நாள் முழுக்கக் கூடையின் பாரம் தலையிலும் கழுத்திலும் தொங்குகிறவர்களுக்கு இது மிகவும் பொருந்தும். கைமுட்டியை இறுக்கி 5 எண்ணுங்கள்; சட்டென்று விட்டு 15 எண்ணும் வரை தளர்ச்சியைக் கவனியுங்கள். அடுத்ததாகத் தோளைக் காது வரை தூக்கி விடுங்கள். பிறகு நெற்றி, தாடை, வயிறு, தொடை, பாதம் என்று ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். அடிபட்ட இடத்தையும் வலிக்கும் இடத்தையும் இறுக்க வேண்டாம்.

இதைப் பயம் வந்த பிறகு முதல்முதலாகச் செய்து பார்க்காதீர்கள். சாயந்தரத்தில் தினமும் பழகி வைத்தால்தான் சாமத்தில் கைகொடுக்கும். பிள்ளைகளையும் கூட உட்காரவைத்துச் செய்யலாம். அவர்களுக்கு அது விளையாட்டாக இருக்கும்.

ஐந்தாம் படி: தூக்கத்தைக் கெடுப்பவை

தேத்தண்ணி: நம் கையால் பறித்த கொழுந்துதான், ஆனால் இரவில் அது நமக்கு உதவாது. தேயிலையில் உள்ள கஃபீன் நெஞ்சுப் படபடப்பையும் கூட்டும். குடித்து ஏறத்தாழ 5 மணித்தியாலம் ஆனாலும் பாதி உடம்பில் நிற்கும். மாலை 4 மணிக்குக் குடித்ததில் பாதி இரவு 9 மணிக்கும் இருக்கிறது. நாலு மணித் தேத்தண்ணியே கடைசியாக இருக்கட்டும். பிறகு கொத்தமல்லித் தண்ணியோ சுடுதண்ணியோ குடியுங்கள்.

சாராயம், கசிப்பு: முதலில் கண்ணை அசத்தும். பின்சாமத்தில் தூக்கத்தைக் கலைத்து, படபடப்போடு எழுப்பிவிடும். அந்தப் படபடப்புக்காக மறுபடியும் குடிப்பது பள்ளத்தில் இறங்கும் வழி. தினமும் அதிகமாகக் குடிக்கிறவர்கள் ஒரேயடியாக நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரக்கூடும். வைத்தியரைக் கேட்டு நிறுத்துங்கள்.

புகையிலை: பீடியும் சிகரெட்டும் மட்டுமல்ல, வெற்றிலையோடு போடும் புகையிலையும் உடம்பை முழிக்க வைக்கும்.

மாத்திரை: பக்கத்து வீட்டு ஆச்சிக்குக் கொடுத்த தூக்க மாத்திரையையும், சளிக்குக் கொடுத்த மயக்கம் வரும் மாத்திரையையும் கடன் வாங்கிப் போடாதீர்கள்.

போன்: வெளிநாட்டில் இருப்பவர்களின் அழைப்புக்காகக் காத்திருந்து முழிப்பவர்கள் பலர். குவைத்தும் சவூதியும் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால் இருக்கின்றன. அங்கே இரவு 9 மணி என்றால் இங்கே 11.30. "புள்ள, இன்ன நாள், இன்ன நேரத்துல எடு" என்று இரு பக்கமும் பேசி ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பு வராத இரவிலெல்லாம் பயப்படத் தேவையிருக்காது.

எல்லாப் பயமும் பொய்ப் பயமல்ல

இந்தப் பகுதியைத் தயவுசெய்து இரண்டுதரம் வாசியுங்கள்.

2014 ஒக்டோபர் 29-ம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. மலைச்சரிவில் குடியிருக்கும் ஒருவருக்கு அடைமழையில் வரும் பயம் மனநோயல்ல. அது காவல். மூச்சுப் பயிற்சி செய்து அந்தப் பயத்தைத் தூங்கவைக்கக் கூடாது.

தரையிலோ சுவரிலோ புது வெடிப்பு, சாய்ந்துபோன மரம் அல்லது மின்கம்பம், ஊற்றுத் தண்ணி திடீரென்று கலங்குவது, புது இடத்தில் தண்ணி கசிவது, இருந்த ஊற்று வற்றிப்போவது, மலையில் இரைச்சல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் இந்தப் பாடம் எதுவும் வேண்டாம். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறுங்கள். யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்காதீர்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று நிறத்தில் தருகிறது. மஞ்சள் என்றால் விழிப்பாக இருங்கள், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராக இருங்கள், சிவப்பு என்றால் வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் தொலைபேசி எண் 117.

உண்மையான ஆபத்துக்கு மருந்து ஆயத்தம்தான். மழைக்காலம் தொடங்கும் முன்னால் பகலில் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். எங்கே போவது, எந்தப் பாதையால் போவது, கிழவியை யார் பிடிப்பது, சின்னவனை யார் தூக்குவது? அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், மருந்து, டோர்ச் லைட் எல்லாம் ஒரே பையில் கதவோரம் இருக்கட்டும். பெருமழை இரவில் லயத்தில் முறைபோட்டு இரண்டு பேர் விழித்திருக்கலாம். எல்லோரும் எல்லா இரவும் முழித்தால் யாருக்கும் பலனில்லை. இன்று காவல் யார் என்று தெரிந்தால் மற்றவர்கள் தூங்கலாம்.

மழையில்லாத இரவிலும் பயம் வந்தால், ஒருதரம் மட்டும் சரிபாருங்கள். கதவு, அடுப்பு, பிள்ளை. பார்த்தாயிற்று என்றால் பார்த்தாயிற்று. இரண்டாம் மூன்றாம் தரம் எழுந்து பார்ப்பது பயத்துக்குத் தீனி போடுவதாகும்.

வீட்டில் அடிக்குப் பயந்து முழித்திருக்கும் பெண்ணுக்கும் இதையே சொல்கிறோம். அவளுடைய பயம் உண்மையானது. அவள் பழக வேண்டியது மூச்சையல்ல, அவளுக்கு வேண்டியது பாதுகாப்பு. பெண்களுக்கான உதவி எண் 1938, பொலிஸ் அவசர எண் 119.

வீட்டார் என்ன செய்யலாம்?

"சும்மா இரு, ஒண்ணும் இல்ல" என்று அதட்டாதீர்கள். "என்ன செய்யுது? நான் இருக்கேன், மெதுவா மூச்ச விடு" என்றால் போதும். பயம் அலை மாதிரி. பொதுவாகச் சில நிமிடத்தில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு தானாகத் தணியும். தணியும் வரை கூட இருங்கள்.

பிள்ளைகள் இரவில் பயந்தால் பேய்க்கதை சொல்லி மிரட்டித் தூங்கவைக்காதீர்கள். கடனைப் பற்றியும் சண்டையைப் பற்றியும் அவர்கள் தலைமாட்டில் பேசாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டிருக்கும் பிள்ளை தூங்குகிறது என்று நினைக்க வேண்டாம்.

எப்போது வைத்தியரிடம் போக வேண்டும்?

மூன்று நான்கு கிழமை ஒழுங்காகச் செய்தும் குறையாவிட்டால் போங்கள். எடை குறைவது, எந்த வேலையிலும் மனம் ஒட்டாமல் அழுகை வருவது, கண்ணால் கண்ட ஒரு சாவோ அழிவோ கனவில் திரும்பத் திரும்ப வருவது, தூக்கமே இல்லாமல் உற்சாகமாகத் திரிவது, பலத்த குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவது என்றால் உடனே போங்கள். பிள்ளை பெற்ற தாய்க்கு இரவுப் பயமும் அழுகையும் இருந்தால் மருத்துவமாதிடம் சொல்லுங்கள். நெஞ்சு வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், அல்லது மூச்சு முட்டினால், பயம் என்று சும்மா இருக்காமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்; அது இலவசம்.

"செத்துப் போயிரலாம் போல இருக்கு" என்று யாராவது சொன்னால் தனியே விடாதீர்கள். மருந்துப் போத்தல்களை அந்த இடத்திலிருந்து அகற்றுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற எண்ணை இரவு பகல் எந்த நேரமும் அழைக்கலாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் மனநல கிளினிக்குக்குக் காசு இல்லை. அங்கே போகிறவரைப் "பைத்தியம்" என்று சொல்வது, காய்ச்சலுக்குப் போகிறவரைக் கேலி செய்வது போன்றது.

ஒரு மாதத்துக்கு இப்படிச் செய்து பாருங்கள்

முதல் கிழமை கவலை நேரத்தையும் மூச்சுப் பயிற்சியையும் மட்டும் தொடங்குங்கள். இரண்டாம் கிழமை பாயை விட்டு எழும்பும் பழக்கத்தைச் சேருங்கள். நாலு மணிக்குப் பிறகு தேத்தண்ணியை நிறுத்துங்கள். மூன்றாம் கிழமை படுக்கும் நேரத்தைச் சரிசெய்யுங்கள். காலண்டரில் தினமும் காலையில் ஒரு அடையாளம் போடுங்கள். நல்ல தூக்கத்துக்கு வட்டம், அரைத் தூக்கத்துக்குக் கோடு, கெட்ட இரவுக்குப் புள்ளி. தொடக்கத்தில் பகலில் அலுப்புக் கூடலாம். ஒரு இரவைப் பார்த்து முடிவு செய்யாமல், நான்காம் கிழமையில் வட்டம் கூடியிருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

கடன் இதனால் தீராது. பேரும் சம்பளமும் கூடாது. மண்மேடும் அங்கேயேதான் இருக்கும். அவற்றுக்கு வழி தேட வேண்டியது பகலில், பத்துப் பேரோடு சேர்ந்து. அதற்குத் தெளிந்த தலை வேண்டும், தெளிந்த தலைக்குத் தூக்கம் வேண்டும்.

வீட்டில் கலந்துபேச

1. நம் வீட்டில் இரவில் முழித்திருப்பது யார்? அவரிடம் கடைசியாக எப்போது காரணம் கேட்டோம்?
2. கவலை நேரத்துக்கு ஏற்ற இடம் எது? அந்தக் கால் மணித்தியாலம் அம்மாவுக்குக் கிடைக்க, அடுப்பை யார் பார்த்துக்கொள்வது?
3. மழை இரவில் எங்கே போவது என்று நம் லயத்தில் முடிவு செய்தாயிற்றா? கதவோரப் பை தயாரா?